மூன்றாம் நாள் சிக்கிக்கொண்ட ஆர்.எக்ஸ். 100: ஒரு கோன் ஃபில்டர் நிகழ்வு ஆய்வு

போன ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பல்லடத்தில் என் பட்டறை வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய யமஹா ஆர்.எக்ஸ். 100. கூட வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். இறங்கியதுமே, "வண்டி சிக்கிக்கிச்சுங்கண்ணா, கிக்கர் இறங்கவே மாட்டேங்குது" என்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூசியா தூக்கமின்மையா தெரியவில்லை.

1994 மாடல். அவன் அப்பா புதிதாக வாங்கி ஓட்டியது. நாலு வருடம் வீட்டுத் திண்ணையோரம் சும்மா நின்ற வண்டியை, முதல் சம்பளம் வந்ததும் பையன் பெயிண்ட் அடித்து, வயரிங் மாற்றி ஓட வைத்திருக்கிறான். அதுவரை எல்லாம் நல்லபடிதான். வியாழக்கிழமை கடையில் 650 ரூபாய்க்கு ஒரு கோன் ஃபில்டர், அதாவது டப்பா இல்லாமல் வெளியே நிற்கிற கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் வாங்கி, கம்பெனி ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, அவனே மாட்டியிருக்கிறான். சனிக்கிழமை மாலை தாராபுரம் ரோட்டில் 70 கிலோமீட்டர் வேகத்தில் கால் மணி நேரம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தபோது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்திருக்கிறது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. சூடு ஆறியதும் கிக்கர் இறங்கியது. சரியாகிவிட்டது என்று மறுபடி கிளப்பி, நாலு கிலோமீட்டர் போயிருக்கிறான். இரண்டாவது முறை பூட்டியது பூட்டியதுதான்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் கோன் ஃபில்டர் மாட்டி இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு, என்னிடம் வந்தது இது முதல் தடவை இல்லை. ஆனால் ஒரே வண்டியில் இத்தனை காரணங்கள் ஒன்றுமேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்ததும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்ததும் இதில்தான். அதனால் முழுதாக எழுதி வைக்கிறேன்.

திறப்பதற்கு முன்னால் பார்த்தது

சீஸ் ஆன வண்டி என்றதும் நேரே ஹெட்டைக் கழற்றுகிற பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் ஃபில்டரைப் பார்த்தேன். அதன் வாய், காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரின் வாயைவிட நாலு மில்லிமீட்டர் பெரியது. அந்த இடைவெளியை அடைக்கப் பழைய டியூபிலிருந்து ஒரு ரப்பர் பட்டையை வெட்டிச் சுற்றி, மேலே கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தான். வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரிந்தது. கிளாம்பைத் தளர்த்தி ஃபில்டரை இழுத்ததும், ரப்பர் பட்டையின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து.

சுண்டுவிரலைக் கார்புரேட்டர் வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். விரல் நுனியில் குங்குமம் தொட்ட மாதிரி சிவப்பு. எங்கள் பக்கத்துச் செம்மண். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று எப்படிப்பட்டது என்று காற்றாலைகளுக்கு நடுவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில், அந்தச் சந்து வழியாக, மூன்று நாள். விரலைப் பையனிடம் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

அடுத்து பிளக். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. சரியாக எரிகிற இன்ஜினில் அது டிகிரி காபி நிறத்தில் இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பீங்கான் மேல் கடுகில் பாதி அளவில் வெள்ளிப் புள்ளிகள் இரண்டு மூன்று மின்னின. அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். இதைப் பார்த்தபிறகு உள்ளே என்ன இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

உள்ளே

ஹெட்டும் சிலிண்டரும் கழன்று வர அரை மணி நேரம் ஆயிற்று. பிஸ்டனின் சைலன்சர் பக்கம் அகலமாகத் தேய்ந்து இழுபட்டிருந்தது. ரிங் அதன் காடியிலேயே அப்பிக்கொண்டு அசையவில்லை. போரில், அதாவது சிலிண்டரின் உள் சுவரில், அலுமினியம் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது. பிஸ்டனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கரியாகக் காய்ந்து கிடந்தது. அதே நேரம் கனெக்டிங் ராடின் மேல் பேரிங்கில் எண்ணெய்ப் பசை நன்றாகவே இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆயில் சுத்தமாக இல்லாமல் சீஸ் ஆகியிருந்தால் பேரிங் காய்ந்து நீலம் பாய்ந்திருக்கும், தேய்மானமும் சுற்றிலும் இருக்கும். சைலன்சர் பக்கம் மட்டும் இழுபட்டு, அடியில் கருகி, பேரிங் ஈரமாக இருந்தால் அது சூட்டில் வந்த சீஸ்.

கார்புரேட்டர் பக்கத்துப் போரில் வேறொரு கதை. நெடுக்காக, தலைமுடி கனத்தில் கோடுகள். அது தூசியின் வேலை. ஆக, இரண்டு சாவுகள் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. வேகமானது முந்திக்கொண்டது.

டூ ஸ்ட்ரோக்கில் தூசி போனால் நான் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் காற்று நேரே வால்வு வழியாக மேலே போகும். இதில் காற்றும் பெட்ரோலும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற கிராங்க் கேஸுக்குள் இறங்கி, கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் கீழ் முனையான பிக் எண்ட் எல்லாவற்றையும் தடவிக்கொண்டுதான் மேலே ஏறும். அதனால் சிலிண்டரை மட்டும் சரிசெய்து மூடிவிட்டால், உள்ளே படிந்த மண் புதுப் பிஸ்டனையும் தின்றுவிடும். கிராங்க்கை முழுதாக வெளியே எடுத்துக் கழுவினேன். பிக் எண்டில் ஆட்டம் இல்லை. அது பையனின் அதிர்ஷ்டம். காற்றை ஒரே பக்கமாக உள்ளே விடுகிற ரீட் வால்வின் இதழ்களிலும் விரிசல் எதுவும் இல்லை.

ஒரு ஃபில்டர் எப்படி இன்ஜினைச் சுட்டது

பையன் கேட்ட கேள்வி நியாயமானது. "காத்து நல்லாப் போனா நல்லதுதானுங்களே?" நிறையப் பேர் மனதில் இருப்பதும் இதுதான்.

இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரின் ஜெட் அந்த ஸ்ட்ரா மாதிரி. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. மேலே, தொண்டையில், இன்ஜின் இழுப்பதால் அழுத்தம் குறைகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்ரோலை ஏற்றுகிறது. கம்பெனி டப்பாவின் குறுகிய வாயும் எண்ணெய் தடவிய ஃபோமும் காற்றைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துவதால் தொண்டையில் உறிஞ்சல் கூடுகிறது. அந்தக் கூடுதல் உறிஞ்சலையும் கணக்கில் சேர்த்துத்தான் ஜெட்டின் ஓட்டை அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். டப்பாவைக் கழற்றினால் காற்று தாராளமாக வரும், உறிஞ்சல் குறையும். வருகிற காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் ஏறாது. கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்துவிடும். டப்பா என்பது கார்புரேட்டரின் ஒரு பாகம் என்று நான் சொல்வது அதனால்தான்.

இந்த வண்டியில் கலவை ஏற்கெனவே லீன் ஆக இருந்தது என்பது பலர் யோசிக்காத விஷயம். 1994இல் இந்த ஜெட்டைப் போட்டபோது பங்கில் இருந்தது எத்தனால் சேராத பெட்ரோல். அதற்கு ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது சரியான கணக்கு. எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். இன்று பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கணக்குப் போட்டால் அதற்கு ஏறக்குறைய 13.5. அதாவது அதே காற்றுக்கு 9 சதவீதம் போல அதிகப் பெட்ரோல் வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு இது எப்படித் தெரியும்? சென்சார் உள்ள புது வண்டிகள் தாமாகச் சரிசெய்துகொள்ளும். இது முப்பது வருடத்துக்கு முன்னால் விட்ட அளவையே விட்டுக்கொண்டிருக்கும். ஃபில்டர் மாற்றுவதற்கு முன்பே கத்தி விளிம்பில் நின்ற வண்டியை அந்த ஃபில்டர் தள்ளிவிட்டது.

மூன்றாவது காரணம் ஆயில். இந்த வண்டியின் ஆயில் பம்ப்பை யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள். எங்கள் ஊரில் பாதி ஆர்.எக்ஸ். வண்டிகளின் நிலைமை இதுதான். பெட்ரோலிலேயே 2டி ஆயிலை, அதாவது டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயிலை, கலந்து ஊற்றி ஓட்டுகிறார்கள். பையன் லிட்டருக்கு 30 மில்லி சரியாகத்தான் கலந்திருக்கிறான். ஆனால் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் அதே அளவுக்குக் குறையும். சூடு ஏறும் நேரம் பார்த்து வழுவழுப்பும் குறைகிறது.

சூடு என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜினின் போர் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரமான ஸ்ட்ரோக்கும் 50. பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் மூன்று நான்கு பங்கு. அலுமினியப் பிஸ்டன் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய பத்துப் பங்கு விரியும். வார்ப்பிரும்புப் போர் அதில் பாதிதான் விரியும், அதுவும் காற்றுபட்டுக் குளிர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் இடைவெளி எங்கே இருக்கும்? 98 சிசியில் 7,500 ஆர்.பி.எம். சுற்றி 11 குதிரைத்திறன் கொடுக்கிற குட்டி இன்ஜின் இது. அதன் பெருமையே அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது.

இதில் எனக்கு வருத்தம் தந்த ஒரு விஷயம். ஃபில்டர் மாட்டிய மறுநாள் பையன் புகைச் சான்றிதழ் எடுத்திருக்கிறான், வண்டி பாஸ் ஆகியிருக்கிறது. அதைப் பார்த்து, மாட்டியது சரிதான் என்று நம்பிவிட்டான். 2000க்கு முந்தைய இரு சக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். அதை அளப்பது வண்டி நின்ற இடத்தில் ஓடுகிற ஐடிலிங்கில். லீன் ஆன வண்டியில் அந்த எண் குறைவாகவே வரும். தாராபுரம் ரோட்டில் முக்கால் த்ராட்டிலில் என்ன நடக்கிறது என்று அந்த மெஷினுக்குத் தெரியாது.

மறுபடி கட்டியது

லேத்தில் கொடுத்து போரை 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்கு ஏற்றி, புதுப் பிஸ்டன், ரிங், பின் போட்டோம். கிராங்க் ஆயில் சீல்களையும் மாற்றினேன், அதன் வழியாகக் காற்று கசிந்தாலும் இதே நோய்தான். எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தைத் தாண்டியது. ஃபில்டரின் விலை 650.

பையன் அப்போதும் கோன் ஃபில்டர் வேண்டும் என்றான். நான் கோபப்படவில்லை. அந்த உறுமல் சத்தம் எனக்கும் இருபது வயதில் பிடித்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். முதல் 500 கிலோமீட்டர் கம்பெனி டப்பாவோடுதான் ஓட வேண்டும். பழைய டப்பா பரணில் பத்திரமாக இருந்தது. அதை மாட்டி, புது ஃபோமில் ஆயில் தடவிப் பிழிந்து போட்டு, பழகவிட்டோம். அது முடிந்ததும் பிளக்கைப் பார்த்தேன். டப்பாவோடு இருக்கும்போதே வெளுப்பு. மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றினபிறகுதான் நிறம் வந்தது. பெட்ரோல் பற்றி நான் போட்ட கணக்கு அங்கே கண்ணால் பார்க்கும்படி நின்றது. ஃபில்டரே மாற்றாவிட்டாலும் இந்த வண்டிக்கு ஒரு அளவு பெரிய ஜெட் தேவைப்பட்டிருக்கும்.

அப்புறம்தான் கோன் ஃபில்டர். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெர்னியர் வைத்துக் கார்புரேட்டரில் மாட்டும் ரப்பர் குழாயின் மறுமுனையை அளந்து, அதற்குச் சரியான வாய் உள்ளதாக, ஆயில் தடவிய பஞ்சுத் துணி ஃபில்டர் ஒன்றை வாங்கினோம். இந்த வகையைப் பிரபலமாக்கியது 1969இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கிய கே அண்ட் என். அதன் பெயரை ஒட்டிக்கொண்டு கடைகளில் போலிகள் நிறைய வருகின்றன. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஊசி நுனி வெளிச்சம் தெரிந்தால் வாங்காதீர்கள்.

ஃபில்டரைக் கார்புரேட்டரின் வாயிலேயே தொங்கவிடவில்லை. கம்பெனி ரப்பர் குழாயை அப்படியே வைத்து, அதன் மறுமுனையில் ஃபில்டரைப் பொருத்தினேன். காற்று அந்தக் குழாய் வழியே சீராகி வரும், காற்றடிக்கும் நாளில் கலவை அலையாது, ஃபில்டரும் பக்க மூடிக்குள் ஒளிந்துகொள்ளும். ஃபில்டரின் பின் முனையை ஒரு தகட்டுப் பட்டை வளைத்து ஃப்ரேமோடு பிடித்துவிட்டேன். அப்படித் தாங்காவிட்டால் அதன் எடை அதிர்ந்து அதிர்ந்து கார்புரேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கிற ரப்பர் கிழியும். அதன் வழியாக வருகிற காற்று எந்த ஃபில்டரிலும் படாத காற்று. டப்பா போனதால் பின்சக்கரத்துச் சேறு நேரே அடிக்கும் என்று பழைய மட்ஃப்ளாப்பை வெட்டி நடுவில் ஒரு மறைப்பு.

இனி ஜெட். இதில் ஒரே விதி: பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்க வேண்டும். கலவை ரிச் ஆக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, இருந்தால் வண்டி மூச்சுமுட்டும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். லீன் பக்கமிருந்து தேடிக்கொண்டு வந்தால் தேடும்போதே பிஸ்டன் போய்விடும். ஆக்சிலேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால், முழு என்று பேனாவால் கோடு போட்டோம். கார்புரேட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஐடிலிங்கும் அதற்குச் சற்று மேலும் ஸ்லோ ஜெட் பார்த்துக்கொள்ளும். காலிலிருந்து முக்கால் வரை த்ராட்டிலோடு ஏறி இறங்குகிற ஊசியான நீடில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். டேப் இல்லாமல், எங்கேயோ இழுக்கிறது எங்கேயோ விடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தால் எந்தப் பாகத்தைத் தொடுவது என்றே தெரியாது.

நாலு அளவு பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கினோம். முழுத் த்ராட்டிலில் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி விட்டுவிட்டு முழங்கியது. ஒரு அளவு இறக்கினோம். காலியான ரோட்டில் மூன்றாவது கியரில் முழுத் த்ராட்டில் வைத்து, அப்படியே கிளட்சைப் பிடித்துக்கொண்டு சாவியை அணைத்து, ஓரமாக உருண்டு நின்று பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். த்ராட்டிலை மூடி மெதுவாக வந்து நின்றால் பிளக் ஐடிலிங்கின் நிறத்தைத்தான் காட்டும். அன்றைக்கு ஐந்து பிளக் செலவு. கம்பெனி அளவிலிருந்து மூன்று அளவு மேலே நிறம் நின்றது. அரைத் த்ராட்டிலில் இன்னும் கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடியதால் நீடிலின் கிளிப்பை ஒரு காடி கீழே போட்டு நீடிலை உயர்த்தினேன். ஐடிலிங் காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்றில் ஐடிலிங் நன்றாக நின்றது, ஸ்லோ ஜெட்டைத் தொடவில்லை. ஒரு சுற்றுக்குள் வந்தாலோ இரண்டரையைத் தாண்டினாலோ அதையும் மாற்றியிருப்பேன்.

கிடைத்தது என்ன

ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். டப்பாவோடு ஒரு அளவு ஜெட் ஏற்றிய நிலையிலும், கோன் ஃபில்டரோடு மூன்று அளவு ஏற்றிய நிலையிலும் அதே ரோட்டில், அதே ஆள், மும்மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். 40லிருந்து 70 வரைக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தில் கைக் கடிகாரத்தில் பிடிபடுகிற வித்தியாசம் இல்லை. மேலே சுற்றும்போது கொஞ்சம் துள்ளல் கூடியது. கீழே, இரண்டாவது கியரில் மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்தது. லிட்டருக்கு 40 கொடுத்த வண்டி 35க்கு வந்தது. சத்தம் மட்டும் இரண்டு மடங்கு. சத்தம் கூடினால் உடம்பு அதை வேகமாக எடுத்துக்கொள்கிறது. முதல் நாள் நானே ஏமாந்துபோய், மீட்டரைப் பார்த்துத்தான் நம்பினேன்.

தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு என்னைக் கேட்டால் டப்பாவையே மாட்டச் சொல்வேன். புதுச் சைலன்சர், சிலிண்டரின் துளைகளைத் திருத்துகிற போர்ட் வேலை என்று இன்ஜினையே மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு இந்த ஃபில்டரால் பலன் உண்டு. இன்ஜின் கேட்கிற காற்று கூடும்போது டப்பா உண்மையிலேயே தடையாகிவிடும். கம்பெனி நிலையில் இருக்கிற ஆர்.எக்ஸுக்கு அந்தத் தடை பெரிதாக இல்லை. ஜெட் மாற்றாமல் ஃபில்டரை மட்டும் மாட்டித் தரச் சொல்கிறவர்களை இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். எழுபதில் போகும்போது பின்சக்கரம் பூட்டினால் உடைவது பிஸ்டன் மட்டும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இந்தப் பையனின் வண்டி இப்போது கோன் ஃபில்டரோடுதான் ஓடுகிறது. ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் கொண்டுவருகிறான். ஃபில்டரைக் கழுவி, நிழலில் காயவைத்து, அதற்குரிய ஆயிலைத் தடவுகிறோம். மழை நாளுக்கு மேலுறை ஒன்று தைத்து வைத்திருக்கிறான். முதல் முறை வந்தபோது அவன் அப்பாவும் கூட வந்திருந்தார். ஃபில்டரைக் கழற்றியதும், நான் கேட்காமலே பையன் ஒரு வெள்ளைத் துணியைச் சுண்டுவிரலில் சுற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து அப்பாவிடம் நீட்டினான். துணியில் எண்ணெய் ஈரம் மட்டும் இருந்தது. சிவப்பு இல்லை.